பந்தைப் பார்க்காதீங்க, மாமா

ஹூஸ்டனிலிருந்து கிளம்பும்போது விடியற்காலை நாலரை. ஜனவரி கடைசி வாரத்துக் குளிரில் கார்க் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. அக்கா மகன்தான் வண்டி ஓட்டினான். பின் சீட்டில் பிளாஸ்க்கில் காபி, அக்கா அலுமினியத் தாளில் கட்டிக்கொடுத்த புளியோதரை, மழைக்கோட்டு இரண்டு, ஒரு பைனாகுலர், கோடு போட்ட நோட்டு ஒன்று. ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே எட்டு மணி நேரம் போனால் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரம். அங்கே சீனியர் பவுல் என்ற ஆட்டத்துக்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி நடக்கும். கல்லூரிப் படிப்பை முடிக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் நூறு பேருக்கு மேல் வருவார்கள். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் ஆள் அனுப்பும். ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற பேச்சு சூடு பிடிப்பது அந்த மூன்று நாளில்தான்.

பியூமான்ட் ஊரைத் தாண்டும்போது அவன் சொன்னான்: "மாமா, ஒண்ணே ஒண்ணுதான். அங்க போய் பந்தைப் பார்க்காதீங்க."

பள்ளிக்கூட நாளில் அவன் இடது கார்டு. டெக்சாஸில் வெள்ளிக்கிழமை இரவென்றால் பள்ளிக் கால்பந்துதான். ஊரே மைதானத்தில் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஹூஸ்டன் வந்திருந்தபோது அக்காவோடு ஓர் ஆட்டத்துக்குப் போனேன். பந்து போன திசையெல்லாம் எங்கள் இருவர் தலையும் போயிற்று. பையன் என்ன செய்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் அவன் பெயர் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கையை வைத்தபோதுதான் பார்த்தேன்: விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, முன்கை முழுக்க நீலமாகக் கன்றியிருந்தது. அக்கா தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். "இன்னிக்கி நல்லா ஆடினியாடா?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னிடம் பத்து வருஷமாகத் தங்கிவிட்டது. இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியது அதற்காகத்தான்.

இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் தோளோடு தோள் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்டு. ஓரங்களில் டேக்கிள். சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்த நொடியில் ஐவரும் எழுந்து எதிராளியை மோதித் தடுக்க வேண்டும். பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்குக்கு அவர்கள் வாங்கித் தருவது இரண்டரை நொடி, மூன்று நொடி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டமாக இருந்தால் எதிராளியைத் தள்ளி ஒரு சந்து திறந்துவிட வேண்டும். பந்தோடு அவர்களுக்கு வேறு உறவு இல்லை. கபடியில் ரெய்டர் மேலேயே எல்லோர் கண்ணும் இருக்க, கோட்டோரம் நிற்கும் கார்னர்காரனின் காலை மட்டும் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் கார்டைப் பார்க்க வேண்டும்.

பந்து பிடிப்பவனுக்கு எத்தனை கஜம், எத்தனை டச்டவுன் என்று கணக்கு இருக்கிறது. கார்டுக்கு அப்படி எதுவும் இல்லை. அவன் நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை எந்த ஏட்டில் எழுதுவது? அணிக் கணக்கில் சில நேரம் நிழல் விழும். 2017இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகளை எதிரணிகள் 56 முறை பந்தோடு சாய்த்தன. 2018 டிராஃப்டில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக் கார்டு குவென்டன் நெல்சனை ஆறாவது ஆளாக எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அந்த எண்ணிக்கை 18ஆக இறங்கியது. லீக்கிலேயே குறைவு அதுதான். இதை நெல்சன் ஒருவர் கணக்கில் எழுத முடியாது. காயம் ஆறித் திரும்பிய ஆண்ட்ரூ லக் பந்தைச் சட்டென்று எறிந்தார், புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்திருந்தார், அதே டிராஃப்டில் வந்த பிரேடன் ஸ்மித் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாததுதான் இந்த வேலையின் தன்மை.

இதையெல்லாம் அவன் சொல்லி முடித்தபோது வண்டி அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. 18 மைல் நீளம். இரு பக்கமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், இலையெல்லாம் உதிர்ந்து. சூரியன் அப்போதுதான் மரங்களுக்கு மேலே வந்திருந்தது. பாலத்தின் தூண்களைப் பாலத்தில் போகிறவன் பார்க்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை, அவன் அதை விளையாடியே தெரிந்துகொண்டவன்.

மொபைலை அடைந்தபோது மதியம் ஆகிவிட்டது. 1702இல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய ஊர். கவர்மென்ட் தெருவில் இரு பக்கத்து ஓக் மரங்களும் நடுவில் கைகோத்து நிழற்பந்தல் போட்டிருக்கின்றன. மார்டி கிரா திருவிழாக் காலம் நெருங்கியதால் ஊர்வலம் போகும் வழியெல்லாம் இரும்புத் தடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஊர்வல வண்டிகளிலிருந்து கூட்டத்தை நோக்கி மூன்பை என்ற இனிப்பு பிஸ்கட்டை வீசுவது இங்கே வழக்கம். கடை வாசல்களில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. சீனியர் பவுல் 1950இல் ஜாக்சன்வில்லில் தொடங்கி அடுத்த வருஷமே இங்கே வந்துவிட்டது. அந்த வாரம் ஹோட்டல், சாப்பாட்டுக் கடை எங்கும் மார்பில் அணிச் சின்னம் குத்திய ஜாக்கெட்டுகள்.

ஹோட்டல் அறையில் அவன் போனைக் காட்டினான். வீரர்களின் அளவுகள் வந்திருந்தன. ஒரு கார்டின் பெயருக்கு நேரே 6033 என்றிருந்தது. முதல் எண் அடி, அடுத்த இரண்டும் அங்குலம், கடைசி எண் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. ஆறடி மூன்று அங்குலம், அதற்கு மேல் எட்டில் மூன்று. எடை 314 பவுண்டு. கை நீளம் 32 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. உள்ளங்கையை விரித்தால் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை 10 அங்குலம்.

"இவனைத்தான் பார்க்கப் போறோம்," என்றான். பெரிய கல்லூரிப் பையன் இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை. அவனுக்கு 22 வயது, அவன் வாழ்க்கை அவனுடையது. அவன் சட்டை எண் 72 என்று வைத்துக்கொள்வோம்.

கை நீளத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். ஓரத்தில் நிற்கும் டேக்கிளை நோக்கி வருகிறவன் வேகமாகச் சுற்றி வளைத்து வருவான். அவனை எட்டித் தொட நீளக் கை வேண்டும். 33, 34 அங்குலத்துக்குக் குறைந்தால் அணிகள் டேக்கிள் வேலைக்குத் தயங்கும், உள்ளே கார்டாகத் தள்ளிவிடும். உள்ளே இடம் குறைவு; எதிராளி நேருக்கு நேர் நெஞ்சில் வந்து விழுவான்; அங்கே எட்டுவதைவிடத் தாங்குவது முக்கியம். நோட்ர டேமில் டேக்கிளாக விளையாடிய ஜாக் மார்ட்டினுக்குக் கை 33 அங்குலத்தைச் சற்றே தொடவில்லை. 2014 டிராஃப்டில் டாலஸ் கவ்பாய்ஸ் அவரை 16ஆவதாக எடுத்துக் கார்டாக நிறுத்தியது. பதினோரு பருவம் ஆடினார், புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கு ஒன்பது முறை தேர்வானார். ஒரு தலைமுறையின் சிறந்த கார்டுகளில் ஒருவர் உருவானதற்கு, அளவு நாடாவில் விடுபட்ட அந்தச் சிறு குறையும் ஒரு காரணம்.

மறுநாள் பயிற்சி, தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹான்காக் விட்னி மைதானத்தில். 2020இல் திறந்தது, 25,000 பேர் உட்காரலாம். அன்று சில ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். வீரர்கள் போட்டிருந்தது சீனியர் பவுல் சட்டை, ஆனால் தலையில் அவரவர் கல்லூரி ஹெல்மெட். பெரிய கல்லூரிகளின் சின்னங்களுக்கு நடுவே 72இன் சின்னம் எந்தக் கல்லூரியுடையது என்று எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர். முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டியிருந்தார். இந்தப் பகுதியில் பள்ளி அணிகளுக்கு முன்வரிசைப் பயிற்சியாளராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. அக்கா மகன் தானும் கார்டு என்றதும், அவன் கையை வாங்கித் திருப்பி முட்டியைப் பார்த்தார். பழைய தழும்பு இருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாளும் அவர் எங்களுக்கு இடம் போட்டு வைத்தார். நாங்கள் அவரைக் கோச் என்றே கூப்பிட்டோம்.

எல்லோரும் காத்திருப்பது ஒற்றைக்கு ஒற்றைப் பயிற்சிக்குத்தான். குவார்ட்டர்பேக் நிற்கும் இடத்தில் ஒரு திண்டு. அதை நோக்கி ஒருவன் வர வேண்டும், ஒருவன் தடுக்க வேண்டும். மற்ற வீரர்கள் வட்டமாக நின்று கத்துவார்கள். மூன்று நொடியில் முடிந்துவிடும்.

72 வந்து குனிந்தான். எதிரே அவனைவிடச் சற்றே கனமான ஒருவன். பந்து அசைந்தது. மோதல் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. அடுத்த கணம் 72இன் முதுகு நிமிர்ந்துவிட்டது, கால்கள் பின்னோக்கி ஓடின, ஐந்து கஜம் தள்ளிப்போய்த் திண்டின் மேலேயே விழுந்தான். வட்டத்தில் கூச்சல். நான் பைனாகுலரை இறக்கிவிட்டேன். கோச் இறக்கவில்லை.

"எதனால் விழுந்தான், சொல்லு," என்று அக்கா மகனைக் கேட்டார்.

"கை லேட்டு."

"கை இல்லை. புட்டம். இடுப்பு இறங்கவே இல்லை. அடுத்ததில் பாரு."

வரிசையில் மறுபடி அவன் முறை வந்தது. அதே எதிராளி. இந்த முறை நான் கோச் சொன்னபடி பாதத்திலிருந்து மேலே பார்த்தேன். இடது பாதம் அரை அடி பின்னால். பந்து அசைந்ததும் எதிராளி முன்பு ஜெயித்த அதே வழியில் நேராக நெஞ்சுக்கு வந்தான். 72 ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு அரை அடி. அப்போது இடுப்பு கீழே போயிற்று, நாற்காலியில் உட்காரப் போகிறவனைப் போல. முழங்கால் மடிந்தது, குதிகால் செயற்கைப் புல்லில் அழுந்தியது, முதுகு நேராக நின்றது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு இருவரும் நகரவில்லை. இரண்டு பேருமாக அறுநூறு பவுண்டுக்கு மேலான எடை ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. விசில் ஒலித்தது.

இதற்கு இந்தத் தொழிலில் நங்கூரம் என்று பெயர். வார்த்தையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். துறைமுக ஊரில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பொருத்தமான சொல் என்று தெரிந்தது. கப்பலும் நங்கூரம் போட்ட உடனே நிற்பதில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய், பிடி கிடைத்த இடத்தில் நிற்கும்.

மூன்றாவது முறை எதிராளி நேராக வராமல் கையைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் நழுவப் பார்த்தான். தட்டுப்பட்ட கையை 72 உடனே திரும்ப வைத்தான், எதிராளியின் விலாவுக்கு உள்பக்கம், கட்டை விரல் மேலே பார்த்தபடி. கை நெஞ்சுச் சட்டத்துக்கு உள்ளே இருந்தால் அது தடுப்பு. வெளியே போய்த் தோளைச் சுற்றிப் பிடித்தால் ஃபவுல், பத்து கஜம் தண்டம். நாலு விரல்கடை வித்தியாசம். கோச் அதைப் பார்த்ததும் தொடையில் தட்டினார்.

இந்தப் பயிற்சி தடுப்பவனுக்கு நியாயமானது அல்ல என்பதையும் அவர் சொன்னார். ஆட்டத்தில் கார்டுக்கு ஒரு பக்கம் சென்டர், மறுபக்கம் டேக்கிள். இங்கே இரு பக்கமும் வெட்டவெளி. வருகிறவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால் தோல்வியை எண்ணிக்கொண்டிருந்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். 2014இல் இதே ஊரில் ஆரன் டொனால்ட் என்ற, உயரம் போதாது என்று பலர் குறை சொன்ன இளைஞன் இந்தப் பயிற்சியில் வந்தவரையெல்லாம் வீழ்த்தினான். அவனைத் தாக்குப்பிடித்த மிகச் சிலரில் ஒருவர் மார்ட்டின். அந்தச் சில நொடிகள் ஓடும் படத்துண்டை இன்றைக்கும் ஆட்கள் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். பின்னாளில் இருவரும் தத்தம் இடத்தில் தலைமுறைக்கே முன்னோடிகள் ஆனார்கள்.

மாலையில் அவன் ஹோட்டலிலேயே ஆட்டப் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டான். நான் வாடகை வண்டி பிடித்து ஊரின் வடக்கே ஆப்பிரிக்கடவுன் போனேன். 1860இல், அடிமைகளை வெளியிலிருந்து கொண்டுவருவதைச் சட்டம் தடை செய்து ஐம்பது வருஷம் ஆன பிறகு, கிளோட்டில்டா என்ற கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 110 பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் பக்கத்து ஆற்றுக்குள் ரகசியமாக வந்தது. தடயம் தெரியாமலிருக்கக் கப்பலைக் கொளுத்தி மூழ்கடித்தார்கள். விடுதலை கிடைத்த பிறகு அவர்களில் பலர் இங்கேயே நிலம் வாங்கி உருவாக்கிய குடியிருப்புத்தான் இது. ஆற்றுச் சேற்றில் கிடந்த கப்பல் கிளோட்டில்டாதான் என்று 2019இல் உறுதிப்படுத்தினார்கள். 2023இல் திறந்த ஹெரிட்டேஜ் ஹவுஸில் அந்தக் கதை காட்சியாக இருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு போனை எடுத்தேன். முந்தின நாள் அவன் அனுப்பிய பட்டியல் அப்படியே திறந்திருந்தது. உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம். பெயர்களில் பெரும்பான்மை கறுப்பின இளைஞர்களுடையவை. போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இரவு டவுஃபின் தெருவில் வறுத்த சிப்பியும் கம்போவும் சாப்பிடும்போது இதைக் கோச்சிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்பெல்லாம் ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பையன்கள் அரைக்கால் சட்டையோடு ஒவ்வொருவராக மேடை ஏறுவார்கள். அளவுகளை உரக்கப் படிப்பார்கள். தன்னிடம் படித்த பையன் ஒருவன் அப்படி ஏறி நின்ற அன்றைக்கு எழுந்து வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். இந்தப் பையன்களுக்குக் கூலி உண்டு, சங்கம் உண்டு, வேண்டாமென்று திரும்பிப் போக வழி உண்டு, அன்றைய அடிமை வியாபாரமும் இதுவும் ஒன்றல்ல. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மனிதனை அறிவதற்கு முதல் வேலையாக நாடாவை எடுக்கும் பழக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அளக்கத்தான் வேண்டுமென்றால், அவன் செய்வதை அளக்கட்டும்.

நாடாவை நம்பியவர்களும் கண்ணை நம்பியவர்களும் ஏமாந்த கதைகளைக் கோச் அன்று வரிசையாக எடுத்து வைத்தார். 2013 டிராஃப்டில் முதல் பத்துக்குள் இரண்டு கார்டுகள் போனார்கள்: ஏழாவதாக ஜானதன் கூப்பர், பத்தாவதாக சான்ஸ் வார்மாக். இருவரையும் பற்றித் தப்பாகப் பேச அன்றைக்கு ஆளே இல்லை. கூப்பர் முதல் பருவம் தொடங்கும் முன்பே காலை முறித்துக்கொண்டார். இருவருமே அந்த இடத்துக்குரிய ஆட்டத்தை ஆட முடியாமல் போனது. மறுபுறம், விளையாட்டுக்கு உதவித்தொகையே கொடுக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து வந்த அலி மார்ப்பெட் 2015இல் இதே மொபைலில் மூன்று நாள் நன்றாக ஆடினார். தாம்பா பே அணி அவரை 61ஆவதாக எடுத்தது. பின்னர் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்து மோதிரம் வாங்கினார். 2021இல் வந்த குவின் மைனர்ஸும் மூன்றாம் பிரிவுதான். கொரோனாவால் அவர் கல்லூரிக்கு முந்தைய பருவ ஆட்டமே நடக்கவில்லை. கனடாக் காட்டில் மரங்களோடு மல்லுக்கட்டிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். சட்டையைச் சுருட்டி வயிறு தெரிய நின்றதை ஊரே பேசியது. பேச வேண்டியது வேறு: பழக்கமில்லாத சென்டர் இடத்திலும் நின்றார், கையில் எலும்பு முறிந்தும் பயிற்சியை விடவில்லை. 98ஆவதாக டென்வர் எடுத்தது. 2024 பருவத்தில், ஒவ்வோர் இடத்துக்கும் சிறந்தவர்களைத் தொகுக்கும் ஆல்-புரோ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது.

டிரே ஸ்மித் கதைதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. டென்னஸி பல்கலைக்கழகத்துக் கார்டு. ஆட்டத்தில் குறை இல்லை. நுரையீரலில் ரத்தக் கட்டி வந்திருந்ததால் அணிகளின் மருத்துவர்கள் பயந்தார்கள். 2021 டிராஃப்டில் ஆறாவது சுற்று வரை, 226ஆவது பெயர் வரை காத்திருந்தார். கன்சாஸ் சிட்டி எடுத்தது. முதல் பருவத்திலேயே எல்லா ஆட்டத்திலும் தொடக்க அணியில் நின்றார். இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தார். மருத்துவர்கள் பயந்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பயப்படுவது அவர்கள் கடமை. ஆனால் அந்த மூன்று நாள், இருநூற்று இருபத்தைந்து பெயர்கள் படிக்கப்படும் வரை அவர் வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் மழை. அமெரிக்காவில் மிகுந்த மழை பெய்யும் நகரங்களில் மொபைலும் ஒன்று. மதியம் விட்டது. பதினொருவருக்குப் பதினொருவர் ஆடும் பயிற்சி.

"இன்னிக்கித்தான் முக்கியம்," என்றான் அக்கா மகன். ஓட்டத்துக்குத் தடுக்கும் வேலையில் 72 சுமார்தான். சென்டரோடு சேர்ந்து ஒருவனைத் தள்ளுகிறான், ஆனால் அங்கிருந்து விடுபட்டுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போய்ச் சேரும்போது ஒரு அடி தாமதம். வரிசையை விட்டு விலகி மறுபக்கம் ஓடித் தடுப்பதிலும் கால் கனமாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டான்.

பிறகு அது நடந்தது. எறிவதற்கான ஆட்டம். 72க்கு எதிரே வர வேண்டிய லைன்பேக்கர் வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்வாங்கினான். இப்போது 72க்கு எதிரே யாரும் இல்லை. தடுக்க ஆளில்லாத தடுப்பாளன். இரு கையும் நெஞ்சுக்கு முன்னால் தயாராக இருந்தது. தலை வலது பக்கம் திரும்பியது: சென்டர் தன் ஆளைப் பிடித்திருந்தான். உடனே இடது பக்கம். அங்கே டேக்கிளைச் சுற்றி வருவதுபோல் போனவன் சட்டென்று உள்ளே வெட்டிக்கொண்டு வந்தான். குவார்ட்டர்பேக் அவனைப் பார்க்கவில்லை. 72 ஒரே எட்டில் போய்த் தோளால் அவன் விலாவில் மோதினான். வந்தவன் தரையில். பந்து நாற்பது கஜம் பறந்தது. மைதானம் முழுக்கப் பந்தைப் பார்த்துக் கத்தியது.

நாங்கள் மூன்று பேர் பந்தைப் பார்க்கவில்லை.

"வேலை தேடுறான்," என்றார் கோச், மெதுவாக. முன்வரிசைப் பயிற்சியாளர்கள் பையன்களிடம் தினமும் சொல்லும் சொல் அது: உன் எதிரே ஆளில்லை என்றால் நிற்காதே, வேலை தேடு.

அடுத்து வேறொரு கார்டு, பெரிய கல்லூரி, 34 அங்குலக் கை. அவனுக்கும் அதே நிலை வந்தது. அவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பந்து போன திசையைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றரை அடி தள்ளி அவனுடைய சென்டர் தனியாகத் திணறிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டம் நல்லபடியாகத்தான் முடிந்தது. அவனை யாரும் குறை சொல்லவில்லை.

பாதத்தையும் இடுப்பையும் கையையும் சொல்லிக்கொடுக்கலாம். நல்ல பயிற்சியாளர் கையில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகும். எதிரே ஆளில்லாத அந்த அரை நொடியில் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கோச்சைக் கேட்டேன். முப்பது வருஷத்தில் சில பையன்களுக்கு முடிந்தது, பலருக்கு முடியவில்லை என்றார்.

மூன்றாம் நாள் முடிந்ததும் அவன் நோட்டை என்னிடம் கொடுத்தான். நங்கூரம் உண்டு, முதல் மோதலில் நிமிர்ந்துவிடுகிறான். கை வைக்கும் இடம் சரி, பறிபோனால் மீட்கிறான். இடம் பெயர்ந்து தடுப்பது சராசரிக்குக் கீழே. கை குட்டை, கார்டுக்குப் போதும். முதல் வருஷம் மாற்று ஆள், இரண்டாம் வருஷம் போட்டியிடலாம். நான்காம் சுற்று. கீழே, கோடு போட்டு: வேலை தேடுகிறான்.

என் கையில் முடிவு இருந்தால் ஒரு சுற்று முன்னாலேயே எடுப்பேன் என்றேன். "அந்த ஒரு ஆட்டத்துக்காகவா, மாமா?" என்றான். அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான். மூன்று நாளில் அதேபோன்ற நிலை அவனுக்கு ஐந்து முறை வந்ததை நான் எண்ணினேன். ஐந்து முறையும் அவன் தலை முதலில் சென்டர் பக்கம் திரும்பியது, பிறகு டேக்கிள் பக்கம். ஒரு முறைகூடப் பந்துப் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு நாலு வரிசை கீழே ஓர் அம்மா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். மழைக்கோட்டுக்கு வெளியே தெரிந்த பனியனில் 72 என்று போட்டிருந்தது. மூன்று நாளும் இருந்தாராம், நான் கவனிக்கவில்லை. கோச் அக்கா மகனின் முதுகில் கை வைத்துக் கீழே தள்ளினார்.

அவன் போய் வணக்கம் சொல்லி, தானும் கார்டாக இருந்தவன் என்றான். அந்த அம்மா அவனை உட்காரச் சொன்னார். "என் பையன் நல்லா ஆடினானா? நான் எங்க பார்த்தாலும் பந்துதான் கண்ணுல படுது," என்றார். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆட்டம் விடாமல் பார்ப்பவராம்.

அவன் நோட்டைப் பிரித்து வெற்றுப் பக்கத்தில் ஐந்து வட்டம் போட்டான். இரண்டாம் வட்டத்துக்குள் 72 என்று எழுதினான். எதிரே வருவதுபோல் வந்து போனவனை ஒரு கோடாக வரைந்தான், உள்ளே வெட்டிக்கொண்டு வந்தவனை இன்னொரு கோடாக. உங்கள் பையன் இப்படிப் பார்த்தான், பிறகு இப்படிப் பார்த்தான், பிறகு போய் மோதினான். இல்லையென்றால் அந்த குவார்ட்டர்பேக்குக்கு விலா முறிந்திருக்கும் என்று சொன்னான்.

அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து வீட்டில் யாரையோ கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவன் பக்கம் நீட்டினார்.

"இன்னொரு தடவை சொல்லு. முதல்ல எந்தப் பக்கம் திரும்பினான்?"